அவர் பேசாமல் இருந்த அந்த வாரம்

கயிறு திரிக்கிற கொட்டகையில் இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு ஆள். ஒருத்தி ராட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுவாள். இன்னொருத்தி தேங்காய் நாரை மடியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, அதன் நுனியைச் சக்கரத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, விரலால் நாரை விட்டபடியே பின்பக்கமாக நடந்து போவாள். அவள் போகப் போக நடுவில் கயிறு வளரும். சுற்றுகிற கை ஒரே சீராக இருக்க வேண்டும். வேகம் கூடினால் முறுக்கு ஏறிக் கயிறு தானாகச் சுருண்டுகொள்ளும். குறைந்தால் முறுக்கில்லாமல் பொதபொதவென்று வரும். அந்தக் கோடியில் நடக்கிறவளுக்கு இந்தக் கோடியில் சுற்றுகிறவளின் முகம் சரியாகத் தெரியாது. அவள் கை மட்டும் கயிறு வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனைமலைப் பக்கம் நார் மில்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். அதற்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் காட்டு வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். நிழலில் நிற்கிற வேலை என்று கேள்விப்பட்டதும் பாதிப் பேர் நாருக்கு மாறினோம். எனக்கு நாரைச் சீராக விட வராது. அதனால் நான் சக்கரம். என் கூட்டாளி நடக்கிறவள். சேர்ந்த நாளிலிருந்து நாங்கள்தான் சோடி. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் புருசன் தென்னை மரத்திலிருந்து விழுந்து செத்துப்போய் வெகு காலம் ஆகியிருந்தது. ஒரே மகள். கயிறு திரித்தே அந்தப் பெண்ணை வளர்த்தாள்.

நான் பேச மாட்டேன். எனக்கும் சேர்த்து அவள் பேசுவாள். கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டே வருவாள். மேஸ்திரி அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

"ஏம்புள்ள, வார ஞாயித்துக்கெழமை துடியலூர் மாப்பள ஊட்டுக்காரங்க எம்புள்ளைய உறுதி பண்ண வாராங்க. நீதான் எம்புள்ளையக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து சபையில உக்கார வெக்கோணும்."

"நானா? உங்கண்ணம் பொண்டாட்டி இருக்கறாங்கல்ல?"

"அவ கூட்டியாந்தா எம்புள்ளையவா பாப்பாங்க? அவ கழுத்துல கெடக்கற அட்டியலத்தான் பாப்பாங்க. நீ வா."

"அத்தன பேருக்கு முன்னால நானெப்பிடி புள்ள நடக்கறது?"

"காலாலதான் நடக்கோணும். நாங் கூட்டியார முடியுமா, சொல்லு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்க மாட்டாள். பெற்ற மகளுக்கு என்றாலும் சமையல்கட்டோடு நின்றுகொள்வாள். எங்கள் சனத்தில் அன்றைக்கு அதுதான் வழக்கம். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என் போசியிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்று, "உப்பில்ல" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

பொழுதோடு வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தேங்காய் மண்டியில் உரிப்பு வேலை செய்தார். தரையில் நட்ட கடப்பாரை முனையில் தேங்காயைக் குத்தி மட்டையைக் கிழித்தெடுக்கிற வேலை. தண்ணீர் வார்த்துக்கொண்டு தலை துவட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோசம், ஆகவே எப்போதும் இல்லாமல் நான்கு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். அவர் துண்டை நிறுத்தினார்.

"ஆரு வந்து சொன்னாங்க?"

"அவதானுங்க. வேலையில வெச்சுச் சொன்னா."

"ஊட்டுக்கு ஆரு வந்து அழைச்சாங்கன்னு கேட்டேன்."

நான் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தேன்.

"நேத்து அவங்கண்ணன் மொபெட்ல இந்தத் தெருப் பூராவும் அழைச்சுட்டுப் போயிருக்கறான். அந்தக் கோடி ஊட்டுக்கும் சொல்லியிருக்கறான். நம்முளுது மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியல."

"நம்மூடு பூட்டிக் கெடந்திருக்குமுங்க. எங்கம்மாளப் பாக்கப் போனமல்ல."

"பூட்டியிருந்தா மறுக்கா வரோணும்."

அதோடு துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் சண்டை. மற்றவர்கள் வீட்டில் நடக்கிற சண்டையைப் பார்த்தால் இது சண்டையே அல்ல.

அவருடைய ரோசத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா காலத்தில் தோட்டத்துக்காரர்கள் வீட்டில் கல்யாணம் என்றால் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார்கள். விறகு உடைக்க, பந்தல்கால் நட, இலை எடுக்க. எல்லாம் முடிந்த பிறகு பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அதற்குப் பேர் அழைப்பு அல்ல. எங்கள் தலைமுறையில்தான் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஒருவர் வாசலில் வந்து நின்று, 'நீங்க வந்து நடத்திக் குடுக்கோணும்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வார்த்தையை அவர் பெரிதாக வைத்திருந்தார். வாசலில் வந்து சொன்னால் எவ்வளவு தூரமானாலும் போய்வருவார். வேலைக்கு வந்த இடத்தில் சொல்லி அனுப்பினால் அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிடும்.

மறுநாள் காலையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

அடிக்கிற மனுசன் அல்ல. குடிக்கவும் மாட்டார். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார், அவ்வளவுதான். ஏதாவது வேண்டுமென்றால் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளிடம் சொல்லுவார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

"சாமி, தண்ணி காஞ்சுதான்னு உங்கம்மாளக் கேளு."

"காஞ்சுதுன்னு சொல்லு கண்ணு."

"அப்பா, உங்குளுக்கும் காது கேக்குது, அம்மாளுக்கும் காது கேக்குது. நடுவுல நானென்ன போன் ஒயரா?"

மற்ற நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

தினமும் காலையில் அவர் கிளம்பும்போது, "போசியில மோர் ஊத்திக்கிட்டயா?" என்று என்னைக் கேட்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பெரிய பேச்சொன்றும் இருக்காது. நானும் "ஊத்திட்டேனுங்க" என்பேன். அந்தக் கேள்வி நின்ற பிறகுதான் நான் நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன் என்று தெரிந்தது. மேஸ்திரி திட்டினால் தாங்குவதும், மகள் அழுதால் மடியில் போட்டுக்கொள்வதும், கூட்டாளி சொல்கிற கதையெல்லாம் கேட்பதும் அதிலிருந்துதான் வந்திருக்கிறது.

இப்போது என் புத்தியெல்லாம் அவர் மேலேயே இருந்தது. செருப்பை எப்படிக் கழற்றுகிறார். தட்டை எப்படி நகர்த்துகிறார். நேற்றைக்கு இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார், இன்றைக்குப் போட்டுக்கொள்ளவில்லை, அப்படியென்றால் கோபம் கூடியிருக்கிறதா. ஒரு மனுசன் பேசாமல் இருந்தால் அவன் செய்கிறதையெல்லாம் பேச்சாக எடுத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. அது கல் சுமக்கிறதை விடக் கடினம்.

புதன்கிழமை பெருந்துறையிலிருந்து என் தங்கை கைக்குழந்தையோடு வந்தாள். அவள் புருசனுக்குக் கம்பெனியில் இரவு வேலை போட்டுவிட்டார்கள், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று மணிக்கணக்காகச் சொன்னாள். நான் ஊம் கொட்டினேன். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது அங்கேயே இருந்தது.

"அக்கா, நானிப்ப என்ன சொன்னேன், சொல்லு பாக்கலாம்."

நான் முழித்தேன்.

"செவுத்துக்குச் சொல்லியிருந்தாலும் அது நவுராம நின்னு கேட்டிருக்கும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஒரு நாளாவது தங்குவதற்கு வந்தவள். இருந்துவிட்டுப் போ என்று நான் அழுத்திச் சொல்லவில்லை.

வீட்டில் நடப்பது வீட்டோடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் கையோடு கொட்டகைக்கு வந்துவிட்டது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பேன், நினைப்பு வேறெங்கோ போகும், கை மெதுவாகிவிடும். திடீரென்று ஞாபகம் வந்து வேகமாகச் சுற்றுவேன். அந்தக் கோடியிலிருந்து அவள் கத்துவாள்.

"ஏ, என்ன புள்ள பண்றே? ஒரு முழம் வெரப்பா வருது, ஒரு முழம் சோறாட்டம் வருது."

வியாழக்கிழமை மேஸ்திரி எங்கள் கயிற்றை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டார். "ரேடியோ, உங்குளுக்கு என்னாச்சு? இத வெச்சு மாட்டக்கூடக் கட்ட முடியாது" என்றார். அன்றைக்குத் திரித்ததில் பாதியைப் பிரித்து மறுபடியும் திரிக்க வேண்டியதாயிற்று. நாள் முழுக்க நடந்த அவளுடைய நடை வீணாகிவிட்டது.

குழாயடியில் கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்ர கையில ஊட்டுச் சண்ட வருது. என்னன்னு சொல்லு."

"கை நோவுது புள்ள, வேறொண்ணுமில்ல."

"கை நோவு இப்பிடி வராது. நோவு ஒரே மாதிரியா வரும். இது நின்னு நின்னு வருது."

நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்படிச் சொல்லுவேன்? நீ எங்கள் வாசலில் வந்து அழைக்கவில்லை என்று அவருக்குக் கோபம் என்று சொன்னால், அவளால் முடியாத ஒன்றைக் கேட்டது போலாகும். தாலி இல்லாதவள் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. அதனால்தான் அண்ணனை அனுப்பினாள். அண்ணன் அவசரத்தில் எங்கள் வீட்டை விட்டுவிட்டான். நாம் தினமும் ஒன்றாக நிற்கிறவர்கள், நமக்குள் என்ன அழைப்பு என்று அவளும் நினைத்திருப்பாள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? சொல்லாமல் இருந்தால் அவள் மனசு மட்டுமாவது நோகாமல் இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் குழாயை மூடினாள். பிறகு வேறு மாதிரிக் குரலில் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமைக்கு வாரயல்ல?"

"பாக்கலாம் புள்ள."

வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. 'பாக்கலாம்' என்றுதான் வாயில் வந்தது.

"அப்பிடியா" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இஷ்டமில்லீன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம். முண்டச்சி ஊட்டுக் காரியம், போனா நம்முளுக்கு ஆகுமோ ஆகாதோன்னு ரோசன பண்றயாட்ட இருக்குது. ஞாயந்தான். உனக்கும் பொட்டப்புள்ள இருக்குதல்ல."

"அய்யோ, அதில்ல புள்ள" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் அவள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது எங்கள் சக்கரத்தில் வேறொரு பெண் நின்றாள். மேஸ்திரி என்னைக் களத்துக்குப் போகச் சொன்னார். அங்கே ஈர நாரை வெயிலில் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். "ரேடியோதான் சோடி மாத்திக் குடுன்னு கேட்டுச்சு" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்கும் சங்கடம்.

கொட்டகையிலிருந்து சத்தமே வரவில்லை. புதுப் பெண்ணோடு அவள் பேசாமல் திரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒருவர் பேசவில்லை, இங்கேயும் ஒருத்தி பேசவில்லை. வெயிலில் நின்று நாரைக் கிளறும்போது எனக்கு முதல் முறையாக என் வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது. பயம் இல்லாத கோபம். நான்கு நாளாக என்னிடம் இருந்ததையெல்லாம் வாரி அவர் முகத்தின் முன்னால் கொட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மகள் வீட்டில் சத்தமாகப் பேசுவதையே விட்டுவிட்டாள். இவ்வளவு காலம் என்னோடு நின்றவள், ஒரே ஒரு காரியம் கேட்டவள், என்னை வேறு மாதிரி நினைத்துக்கொண்டு நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் போகாவிட்டால் அவள் நினைத்தது உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு நான் நூறு தடவை சொன்னாலும் நம்ப மாட்டாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் நம்ப மாட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. அவர் வேலை செய்கிற தேங்காய் மண்டிக்குப் போனேன்.

அதற்கு முன்னால் அந்த இடத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. ஆண்கள் மட்டும் வேலை செய்கிற இடம். மேல்சட்டை இல்லாமல் வரிசையாக நின்று உரித்துக்கொண்டிருந்தார்கள். மட்டை கிழிகிற சத்தம் மழை மாதிரிக் கேட்டது. என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அவரோடு வேலை செய்கிற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏப்பா, ஊட்டுல இருந்து ஆள் வந்திருக்குது பாரு. சோத்துப் போசிய மறந்துட்டு வந்துட்டயா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் ஒரு தேங்காயை எடுத்துக் குத்தினார்.

நான் மட்டைக் குவியலைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க."

அவர் நிமிரவில்லை.

"அவ நம்மூட்டுக்கு வந்து அழைக்கலைன்னுதானுங்க உங்குளுக்குக் கோவம். அவ எப்பிடீங்க வருவா? தட்ட எடுத்துக்கிட்டு அவ நம்ம வாசல்ல வந்து நின்னா, நாளைக்கி நம்ம புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இவ மூஞ்சியில முழிச்சதுனாலதான்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா? அதுக்குப் பயந்துட்டுத்தானுங்க அவ வரல. அவங்கண்ணன் வந்தப்ப நம்மூடு பூட்டிக் கெடந்துது."

சத்தம் ஒவ்வொன்றாக நிற்பது எனக்குக் கேட்டது. முதலில் பெரியவர் நிறுத்தினார். பிறகு மற்றவர்களும். இவர் மட்டும் நிறுத்தவில்லை.

"அவ நம்மள வேலைக்கு ஆள் கூப்படறாப்புல கூப்படலீங்க. அவ பெத்த புள்ளையக் கையப் புடிச்சுக் கூட்டியாரச் சொன்னா. அவளால முடியாததுனால என்னயக் கேட்டா."

அவர் இன்னொரு தேங்காயை எடுத்தார்.

"நீங்க பேசாம இருந்து இருந்து என்ர கையில வலுவே இல்லீங்க. சக்கரஞ் சுத்த முடியல. என்ர தங்கச்சி அழுதுட்டுப் போனா, எதுக்கு அழுதான்னு எனக்குத் தெரியல. இருக்கறதையெல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டா மத்தவங்களுக்கு நான் எதக் குடுக்கறது?"

இவ்வளவு நீளமாக நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

"நான் நாளைக்கிப் போறேனுங்க. நீங்க பேசுனாலும் செரி, பேசாட்டியும் செரி."

தேங்காய் கடப்பாரையில் குத்தியபடி நின்றது. அவர் அதைக் கிழிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பெரியவர் மெதுவாக, "நீ போ அம்மணி. அவன் கேட்டுட்டுத்தான் நிக்கறான்" என்றார். நான் திரும்பி நடந்தேன். வெளியே வந்து ரோட்டோரம் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று பொழுதோடு அவர் வந்தார். சாப்பிட்டார். மகளிடம்கூட ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. தண்ணீரை அவரே எடுத்துக் குடித்தார். ஆண்கள் முன்னால் வைத்து அவமானப்படுத்திவிட்டேன், இனி இது வாரக் கணக்கில் போகாது, வருசக் கணக்கில் போகும் என்று நினைத்தேன். ஆனாலும் பெட்டியிலிருந்து என் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஒரே பட்டுச் சேலையை எடுத்து உதறிக் கொடியில் போட்டேன். அவர் பார்த்தார். நான் மடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. சைக்கிளும் இல்லை. மகளுக்குத் தலை பின்னிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் வீட்டு வாசலில் சின்னதாகப் பந்தல் போட்டிருந்தார்கள். அவளுடைய அண்ணன் பெண்டாட்டி அட்டியலோடு முன்னறையில் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தாள். என் கூட்டாளி சமையல்கட்டில் இருந்தாள். என் பட்டுச் சேலையைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வா" என்றாள். "புள்ளைய எங்கண்ணம் பொண்டாட்டியே கூட்டியாரட்டும்னு நேத்தே சொல்லிப்போட்டேன். நீ வருவியோ, வர மாட்டியோ."

"செரி புள்ள."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். அவள் அடுப்பில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பட்டுச் சேலையோடு எதற்கு வெங்காயம் உரிக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. வெளியே வேன் வந்து நிற்கிற சத்தமும், வாங்க வாங்க என்கிற சத்தமும் கேட்டது.

"உன்ர ஊட்டுக்காரரு வரல?" என்றாள், பாலைப் பார்த்தபடியே.

"இல்ல."

"ஏன்?"

அப்போது சொல்லிவிட்டேன். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, எங்கள் வீட்டில் அழைக்காமல் விட்டுப்போனதையும், அவர் பேச்சை நிறுத்தியதையும், நேற்று மண்டிக்குப் போனதையும் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இதுக்கா வாரம் பூராவும் கயிறு அப்பிடி வந்துது?"

"ம்."

"கெட்ட சிறுக்கி, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? வாசல்ல வந்து நிப்பியா?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இறக்கினோம்.

முன்னறையில் சத்தம் அடங்கியது. பெண்ணைக் கூட்டி வருகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் கதவு மறைவில் நின்று எட்டிப் பார்த்தோம். அவளுடைய அண்ணன் பெண்டாட்டி முன்னால் வந்தாள், பின்னால் அந்தப் பெண் குனிந்த தலையோடு வந்தது. பாயில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தலையில் பூ வைத்தார். என் கூட்டாளியின் மூச்சு என் தோளில் பட்டது. அவள் அழவில்லை. கதவின் சட்டத்தை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அப்போது என் மகள் பின்வாசல் வழியாக ஓடி வந்தாள்.

"அம்மா, அப்பா அங்க ரோட்டுல நிக்கறாரு. வெள்ளச் சட்ட போட்டுட்டு. வாப்பான்னா வர மாட்டீங்கறாரு."

சந்தில் போய் எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பந்தலுக்குள் வரவும் இல்லை, போகவும் இல்லை. அழைக்காத வீட்டுக்கு அவரால் இவ்வளவு தூரம்தான் வர முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. நான் போய்க் கூப்பிட்டால் வர மாட்டார். நான் அவர் வீட்டு ஆள், அழைக்க வேண்டியது இந்த வீட்டுக்காரர்கள். அவளுடைய அண்ணன் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்தபோது என் கூட்டாளி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது.

"வேண்டாம் புள்ள" என்றேன். "காரியம் நடந்துட்டு இருக்குது. அவங்க எதாச்சு நெனச்சுக்குவாங்க."

அவள் நடந்துவிட்டாள். கதவைத் தாண்டி, முன்னறைக்குள், உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நடுவில். அண்ணன் பெண்டாட்டி, "ஏய், எங்க போறே? உள்ளார இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது. துடியலூர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பொட்டில்லாத நெற்றியும், கரி பட்ட சேலையுமாக அவள் போவதைப் பார்த்து அந்தப் பெண் தலையை நிமிர்த்திவிட்டது. இந்தச் சம்பந்தம் இப்போதே முறிந்தால் அதற்கு நானும் என் வீட்டுக்காரரும்தான் காரணம் என்று நினைத்தேன்.

அவள் வாசற்படியில் நின்றாள். இரண்டு கையையும் சேர்த்தாள்.

"ஏனுங்ணா, வாங்க. எம்புள்ளைக்கு விசேசமுங்க. நீங்க வந்து நடத்திக் குடுக்கோணும்."

வீட்டு வாசலில் வந்து சொல்ல வேண்டிய வார்த்தை. ஒரு சொல் குறையாமல், ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அவர் சைக்கிளை நிறுத்தினார். ஸ்டாண்ட் ஒரு தடவையில் விழவில்லை, மறுபடியும் உதைத்தார். ரோட்டைத் தாண்டி வந்து, பந்தல்காலுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றினார்.

"வாரேனுங்கம்மா" என்றார். தலை குனிந்திருந்தது.

அவள் உள்ளே திரும்பியபோது எல்லாருடைய கண்ணும் மாப்பிள்ளையின் அம்மா மேல் இருந்தது. அந்த அம்மா என் கூட்டாளியைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார். பிறகு தன் சேலைக் கொசுவத்தை ஒதுக்கி, பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். என் கூட்டாளி உட்காரவில்லை. அந்த இடத்தைப் பார்த்தாள், கும்பிட்டாள், நேராக எங்கள் பக்கம் வந்துவிட்டாள்.

சமையல்கட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தாள். முன்னறையில் மறுபடியும் பேச்சு ஆரம்பித்தது. யாரோ தையில் நாள் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"காப்பிய எடுத்துட்டுப் போ புள்ள" என்றாள். "உன்ர ஊட்டுக்காரருக்கு மொதல்ல குடு. இல்லீன்னா அதுக்கொரு வாரம் பேசாம இருப்பாரு."

தட்டை எடுத்துக்கொண்டு அத்தனை பேருக்கு முன்னால் நடந்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவரிடம் போனேன், அதுதான் முறை. அவர் கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சக்கர பத்துல" என்றார்.

திங்கட்கிழமைக்குப் பிறகு என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் திரும்பி உள்ளே வந்து என் கூட்டாளியிடம் சொன்னேன்.

"வாங்கன்னு கும்புட்டதுக்கப்பறமுமா?" என்றாள். பிறகு சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் பாதிச் சர்க்கரை தரையில் கொட்டிவிட்டது.